கலையா, களையா

1

மகள் மகிழ் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் பள்ளியிலிருந்து ஒரு அட்டை கொண்டுவந்தாள். வீட்டில் யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று ஆளுக்கு ஒரு வரியும் ஒரு படமும். அப்பா கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார் என்று எழுதி, ஒரு பெட்டிக்கு முன்னால் மீசை வைத்த ஆள் ஒருவரை வரைந்திருந்தாள். அவருக்கு மீசை கிடையாது. எனக்கு எழுதியிருந்த வரி: "அம்மா காத்திருக்கிறாள்." அந்தப் படத்திலும் ஒரு பெட்டி இருந்தது. அதன் முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒரு நட்சத்திரம் ஒட்டினாராம்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் "கெடச்சிருச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் இந்த ஊருக்கு நாங்கள் வந்து ஏழு வருஷம் ஆகிறது. கணவர் சுதாகருக்குச் சொந்த ஊர் சீர்காழி. எனக்குத் திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமம். தஞ்சாவூரில் வரலாறு எம்.ஏ. முடித்தேன், கல்யாணம் ஆனது, அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தேன். மகிழ் முழுநாள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் கலை வரலாறு மேற்படிப்புக்கு மூன்று பல்கலைக்கழகங்களில் விண்ணப்பித்தேன். மூன்றும் காரில் போய் வரக்கூடிய தூரத்தில் இருப்பவை. நல்ல படிப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று மணிக்குப் பள்ளிப் பேருந்து வந்து நிற்கும்போது நான் தெருமுனையில் நிற்க முடியுமா என்றுதான் பார்த்தேன். அது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு இணையப்பக்கம் கொடுத்திருந்தார்கள். அதைத் திறந்தால் ஒரே வரிதான் இருக்கும். தமிழில் சொன்னால், பரிசீலனையில் உள்ளது. காலையில் காபி வைத்துவிட்டு ஒருமுறை, துணி மடித்துவிட்டு ஒருமுறை, பேருந்துக்குப் போகுமுன் ஒருமுறை என்று மூன்று பக்கங்களையும் திறந்து பார்ப்பேன். அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்தே பழக்கம்.

2

இந்தப் படிப்பைப் பற்றி அம்மாவிடம் முதலில் சொன்ன அன்று வீடியோ காலில் படம் நின்று நின்று வந்தது. கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்றேன்.

"களையா?"

"கலைம்மா."

"அதைத்தான் கேக்குறேன். களை எடுக்கிறதுக்கு அமெரிக்காவுல போயா படிக்கணும்? இங்க வா, நான் சொல்லித்தரேன். ஒரு நாள் போதும்."

சுதாகர் சோபாவிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். மகிழுக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. அவளுக்கு ளகரம் வராது. "எங்க பல்லிக்கு நாளைக்கு லீவு" என்பாள். கலையும் களையும் அவள் காதுக்கு ஒன்றுதான். நாக்கை மேலே மடித்துச் சொல் என்று நான் வாயைத் திறந்து காட்டினால், உன் நாக்கில் காபி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

விண்ணப்பங்களை அனுப்பி முடித்தேன் என்று சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: "ரசீது குடுத்தாங்களா?" இரண்டாவது: "நல்லா உருக்கமா எழுதினியா?"

இந்த இரண்டு கேள்விக்கும் பின்னால் எங்கள் தெருவின் கதை இருக்கிறது. வாய்க்கால் ஓரமாக இருபத்திரண்டு வீடுகள். எல்லோரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். நான் பிறப்பதற்கு முன்னால், அறுவடைக் கூலி கேட்டுப் பெரிய தகராறு நடந்தது. அம்மா கொடி பிடித்துப் போய்ச் சில நாள் ஜெயிலிலும் இருந்தாள். கூலி கொஞ்சம் ஏறியது. அதன்பிறகு பண்ணை வீட்டார், அதாவது எங்கள் பக்கத்து நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரர்கள், உங்கள் வீடுகள் நிற்கிற தரையும் எங்களுடையது, காலி செய்யுங்கள் என்றார்கள். குடியிருக்கிறவர்களுக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் இருந்தது. பட்டாதான் வரவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். அதிகாரிகள் உட்கார்ந்து கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் அந்த நாட்களில் மனு வாங்குவார்கள். தெருவில் கையெழுத்து நன்றாக இருந்த பெண் நான்தான். அதனால் ஆறாம் வகுப்பிலிருந்து தெருவுக்கே மனு எழுதினேன். ஆட்சி ஒரு கழகத்திலிருந்து இன்னொரு கழகத்துக்கு மாறும், திரும்ப வரும். மாண்புமிகு என்பதற்குக் கீழே எழுதும் பெயர் மாறும். மற்றதெல்லாம் அதே மனு. "அஞ்சம்மாள், க/பெ காலஞ்சென்ற மாரியப்பன்" என்று தொடங்கி, ஏழை விவசாயக் கூலியாகிய நான் என்று வளர்ந்து, கருணை கூர்ந்து என்று முடியும். அம்மா தலைமாட்டில் நின்றுகொண்டு, இன்னும் நாலு வரி சேர்த்து எழுது, படிக்கிறவருக்குக் கண் கலங்க வேண்டும் என்பாள். கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் நகரமாட்டாள்.

பதில் பரிசீலனையில் உள்ளது என்று வரும், அல்லது தள்ளுபடி என்று வரும். தள்ளுபடி என்றால் அம்மா காகிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த ஜமாபந்திக்குப் போடலாம் என்பாள். அழுது பார்த்ததில்லை. பட்டா வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அன்றும் அழவில்லை. கயிறு எடுத்துக்கொண்டு போய், எழுதியிருக்கிற அளவு தரையில் இருக்கிறதா என்று அளந்து பார்த்தாள்.

3

நான் படிக்க நினைப்பது ஓவியங்களைப் பற்றி. எங்கள் ஊரிலிருந்து மூன்று மைலில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அதன் முன்மண்டபத்து விதானத்தில் பழைய ஓவியம். வௌவால் எச்சமும் மழைநீரும் பாதியைத் தின்றுவிட்டன. மிஞ்சியதில் மேல்வரிசையில் சாமி பல்லக்கில் போகிறது. குடை, கொம்பு, ஆனை எல்லாம் உண்டு. கீழே ஓரத்தில், பச்சைக்கு நடுவே ஏழு பெண்கள் குனிந்து நிற்கிறார்கள். ஒருத்தி முகமும் தெரியாது. முதுகும் பின்கொசுவமும்தான்.

கல்லூரியில் படிக்கும்போது அங்கே போய் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது நினைவிருக்கிறது. அந்தக் கோயில் ஓவியங்களைப் பட்டியலிட்டிருக்கும் ஒரே ஒரு பழைய புத்தகம் அந்த இடத்துக்கு "நாற்று நடும் பெண்கள், மேலே ஆடி மாத ஊர்வலம்" என்று குறிப்பு எழுதியிருக்கிறது. பிறகு எழுதியவர்கள் எல்லோரும் அதையே எடுத்து எழுதினார்கள். நானும் என் எம்.ஏ. கட்டுரையில் அப்படித்தான் எழுதினேன்.

மூன்று வருஷம் முன்பு மகிழைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தபோது அந்த ஓவியத்தைப் போனில் படம் எடுத்து வந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அந்தக் கோயிலுக்குள் அவள் போனதில்லை. யாரும் தடுத்தார்கள் என்று சொல்லமாட்டாள். நமக்கு என்ன வேலை அங்கே என்பாள். படத்தைக் காட்டினேன். கீரைக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"நல்லா குனிஞ்சிருக்காளுங்க. களை எடுக்கிறாளுங்களா?"

நடவும்மா, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

"எந்தப் புத்தகத்துல? நட்டுக்கிட்டே பின்னாலதான போவோம். முன்னால பச்சை, பின்னால வெறும் சேறு. இவளுங்களுக்குப் பின்னாலயும் பச்சையா இருக்கு பாரு. நட்ட பயிரை மிதிச்சுக்கிட்டு யாராவது பின்னால போவாளா?"

சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் அன்று இரவு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

இப்படி ஒன்று கையில் இருந்தால் யாராக இருந்தாலும் விண்ணப்பத்தில் முதல் பத்தியிலேயே எழுதியிருப்பார்கள். முதல் வரைவில் நானும் எழுதினேன். அப்புறம் சந்தேகம் வந்தது. என் அம்மா சொன்னாள் என்று எழுதினால் ஆதாரம் எங்கே என்பார்கள். அடிக்குறிப்பில் என்ன போடுவது? முருங்கைக்கீரை உருவும்போது என்றா? இரண்டு நாள் யோசித்து அந்தப் பத்தியை அழித்தேன். சுதாகர் படித்துப் பார்த்துவிட்டு, அதுதானே நன்றாக இருந்தது என்றார். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அழித்த இடத்தில் என்ன எழுதினேன் என்றால், மனு எழுதினேன். எழுதும்போது தெரியவில்லை. எளிய விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள், குழந்தைக்குத் தாய், இவ்வளவு இடர்களுக்கு இடையிலும், தங்கள் மதிப்புமிக்க நிறுவனம் ஒரு வாய்ப்பளித்தால் என்றென்றும் நன்றியுள்ளவளாக இருப்பேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் அம்மா தலைமாட்டில் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

பிப்ரவரியில் முதல் தள்ளுபடி. மார்ச் தொடக்கத்தில் இரண்டாவது. இரண்டும் ஒரே ஆள் எழுதியது போல இருந்தன. மிகுந்த வருத்தம், கடும் போட்டி, எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்து. இரண்டாவது வந்த அன்று மகிழ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ டைம் அவுட்ல இருக்கியா?" என்று கேட்டாள். வகுப்பில் தப்பு செய்த பிள்ளையை ஓரமாக உட்கார வைப்பதற்கு அங்கே அதுதான் பெயர்.

மூன்றாவது இடத்தில் பேசிப் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வீடியோவில் அரைமணி நேரம். நரைத்த கிராப்பு வைத்த ஒரு பேராசிரியை, இரக்கமான முகம். என் கட்டுரை அவர் முன்னால் இருந்தது. நீங்கள் இதில் எங்களுக்கு ஐந்து முறை நன்றி சொல்லியிருக்கிறீர்கள், நாங்கள் இன்னும் எதுவுமே செய்யவில்லையே என்று சிரித்தார். பிறகு, நீங்கள் கண்டுபிடிக்க விரும்புவது என்ன என்றார். நான் என் ஆர்வத்தைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் அனுப்பியிருந்த படத்தைத் திரையில் காட்டி, இந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

நாற்று நடுகிறார்கள் என்றேன்.

அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். கதவைத் திறந்துகொண்டு மகிழ் வந்து, ஷூ லேஸ் முடிச்சு விழுந்துவிட்டது என்று காலைத் தூக்கிக் காட்டினாள். அத்தோடு முடிந்தது.

ஒரு வாரம் கழித்து, பரிசீலனையில் உள்ளது என்பது மாறி, காத்திருப்போர் பட்டியல் என்று வந்தது. யாராவது இடத்தை வேண்டாம் என்றால் கிடைக்கலாம். கூடுதலாகச் சொல்ல ஏதாவது இருந்தால் பத்து நாளைக்குள் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம் என்றும் போட்டிருந்தது. ஒரே ஒரு பக்கம்.

5

மறுநாள் காலை மகிழைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் சாயங்காலம் ஆகியிருக்கும். அவள் வீட்டில் இல்லை, பந்தலில் இருந்தாள். எங்கள் பக்கத்து வயல்களுக்கு நடுவே எரிவாயுக் குழாய் பதிக்க வந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று ஊர்ப் பெண்கள் ரோட்டோரம் பந்தல் போட்டு முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பு பண்ணை வீட்டுக்கு எதிராக உட்கார்ந்தவர்கள் சிலர் இன்று அந்த வீட்டுப் பேரனோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு சின்னச் சிரிப்பு உண்டு.

அந்தக் கோயில் படத்தை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னொரு தரம் பார்த்துச் சொல்லும்மா, எழுதிக்கொள்ள வேண்டும் என்றேன். அவ்வளவுதான். போன் அம்மா கையிலிருந்து போய்விட்டது. ஒரே முகங்களாகத் தெரிந்தன. ஆளாளுக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"இடது கையைப் பாரு. நடுறதுக்குக் கட்டின நாத்து முடியா இருந்தா வேரெல்லாம் ஒரே பக்கமா இருக்கும். இது நாலா பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்குது. பறிச்ச களை."

படத்தில் வரப்பின் மேல் குவியலாக ஒரு பழுப்பு இருந்தது. புத்தகம் அதைப் பாறை என்று சொல்கிறது. எங்கள் பக்கம் வயலில் ஏதுடி பாறை என்று எல்லோரும் சிரித்தார்கள். அது பறித்துப் போட்ட களை. மாதம் எது என்பதில்தான் சண்டை. நீண்ட நாள் பயிரான சம்பாவுக்குக் களையெடுப்பு ஐப்பசியில் என்றார் ஒருவர். குறுகிய நாள் பயிரான குறுவையாக இருந்தால் ஆடியிலேயே வரும் என்றார் இன்னொருவர். குறுவைப் பயிரா இந்த உயரம் நிற்கும், முட்டிக்கு மேல் வந்திருக்கிறது பார் என்று அவரை அடக்கினார்கள். அப்படியென்றால் மேலே போகிற சாமி ஐப்பசியில் போகிற சாமி. புத்தகம் சொல்லும் ஆடி ஊர்வலம் அது இல்லை. நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். என் எம்.ஏ. வகுப்பில் கூட யாரும் ஒரு படத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"வரைஞ்சவன் வயல்ல எறங்கியிருக்கான். எழுதினவன்தான் எறங்கல" என்றார் ராசாத்தி அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "நீயும் எறங்கலையே. உங்கம்மா உன்னை வரப்போட நிறுத்திட்டா" என்றார்.

அது உண்மைதான். படிக்கிற பிள்ளை என்று அம்மா என்னைச் சேற்றில் இறங்கவே விட்டதில்லை.

6

ஒரு பக்கத்தை எழுத நான்கு நாள் ஆயிற்று. எழுதுவதற்கு ஒரு நாள்தான். நன்றியையும் கருணையையும் எடுப்பதற்கு மூன்று நாள். எடுக்க எடுக்க வேறு வேஷத்தில் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் பச்சை, வேர், குவியல், பயிரின் உயரம், இந்த நான்கும் மட்டும் நின்றன. மாதம் ஐப்பசியாக இருக்கலாம் என்று எழுதினேன். நேர்முகத்தில் நான் சொன்னது தவறு என்றும் எழுதினேன். கீழே அடிக்குறிப்பில் சொன்னவர் பெயரும் அவர் தொழிலும். ராசாத்தி அக்காவையும் சேர்த்துக்கொண்டேன்.

அனுப்புவதற்கு முன் அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். உருக்கமாகவே இல்லையே என்றாள். பிறகு அடிக்குறிப்புக்கு வந்தாள்.

"க/பெ போடலையா?"

"இல்லம்மா. உன் பேரு மட்டும்தான். அஞ்சம்மாள், களை பறிப்பவர்."

"வெறும் அஞ்சம்மான்னா ஊருல யாருக்குத் தெரியும்?"

அங்கே அப்படித்தான் போடுவார்கள் என்றேன். சரி, ரசீது வாங்கிக்கொள் என்றாள்.

ஏப்ரல் நடுவில் பதில் வந்தது. நான் தெருமுனையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். இந்த ஆண்டு இடம் காலியாகவில்லை. மிகுந்த வருத்தம். அதைப் படித்து முடிக்கும்போதே அந்தப் பேராசிரியை தனியாக எழுதிய இன்னொரு கடிதமும் வந்திருப்பதைப் பார்த்தேன். சின்னக் கடிதம். என் பக்கத்தைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தாராம். அந்தப் பழைய புத்தகத்தை நம்பி, நடவு என்று தன் மாணவர்களுக்கு அவர் பல வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார். இனிச் சொல்லமாட்டார். கடிதத்தை இப்படி முடித்திருந்தார்: அஞ்சம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினால் அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பியுங்கள், இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

பேருந்து வந்து, மகிழ் இறங்கி, என் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நடந்தேன். சந்தோஷமா, துக்கமா என்று தெரியவில்லை. இன்னும் ஒரு வருஷம். மூன்று பக்கங்களை மறுபடி தினமும் திறக்க வேண்டும்.

மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப மனு தள்ளுபடியா?"

"தள்ளுபடிதாம்மா."

"களை?"

"அதை ஒத்துக்கிட்டாங்க."

பின்னால் பந்தலில் யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "சரி. அடுத்த ஜமாபந்திக்குப் போடு" என்றாள்.

மகிழ் பள்ளிக்குப் போனதும் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தேன். வணக்கம் போடவில்லை, என் குடும்பத்தைப் பற்றியும் எழுதவில்லை. முதல் வரி இப்படி வந்தது: இந்தப் படத்தில் இருக்கும் ஏழு பெண்களும் நாற்று நடவில்லை.